கல்யாண தீர்த்தத்தில் ஒரு பகல்

திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்கள் கோடை விடுமுறைக்கு எங்கே போவது என்று அதிகமாக யோசிக்க வேண்டியதில்லை. உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். நமக்கு நதி இருக்கிறது. பொதிகையில் பிறந்து, சுமார் 130 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறவரையில் தமிழ்நாட்டின் எல்லையைத் தாண்டாத நதி அது. குற்றாலத்துக்கு வேண்டுமானால் தென்மேற்குப் பருவக்காற்றின் தயவு வேண்டும். மே மாதத்தில் அங்கே போனால் அநேகமாகப் பாறையைத்தான் தரிசிக்க நேரும். பாபநாசத்தின் அகத்தியர் அருவியோ அக்கினி நட்சத்திரத்திலும் நம்மை ஏமாற்றுவதில்லை.

சென்ற கோடையில், பள்ளிக்கூடம் திறப்பதற்குச் சில நாட்கள் முன்னதாக, நான்கு வீட்டார் சேர்ந்து அங்கே போய்வருவதென்று தீர்மானமாயிற்று. நம் வீடு, அடுத்த வீடு, நம்மோடு பணிபுரியும் கணக்கு வாத்தியார் வீடு, தேகப்பயிற்சி ஆசிரியர் வீடு. குழந்தைகள் 7 பேர் உள்பட மொத்தம் 15 பேர். இந்தக் கணக்கை எழுதியவர் கணக்கு வாத்தியார் அல்லர். எண்பது வயதை நெருங்கும் நம் அத்தை. பிரயாணம் என்று கிளம்பிவிட்டால் கால்மணிக்கு ஒரு தடவை தலைகளை எண்ணிப் பார்ப்பது அவளுடைய விரதம். நெல்லை ஜங்ஷனில் ரயில் ஏறுமுன்பே மூன்று முறை எண்ணியாகிவிட்டது.

செங்கோட்டை ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தவன் பாக்கியவான். நூறு வருஷத்துக்குமேல் மீட்டர் பாதையாக இருந்து 2012-இல் அகலப் பாதையான மார்க்கம் அது. ரயிலின் வேகம் கூடியிருக்கிறது. வயலும் வாழையும் பனையும் மாறவில்லை. கூடவே வரும் மேற்கு மலையும் மாறவில்லை. பேட்டையைத் தாண்டிச் சேரன்மகாதேவியில் வண்டி நின்றபோது நம் மூத்த பெண், “இந்த ஊரில் என்ன விசேஷம், அப்பா?” என்றாள். அவளுக்கு வயது 13. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இப்படிக் கேட்பது அவள் வழக்கம். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருப்பது ஆசிரியத் தொழிலின் தண்டனை. பக்கத்துப் பத்தமடையின் கோரைப் பாயைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் போகிற இடத்தை உத்தேசித்து, வ.வே.சு. ஐயரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினோம்.

குழந்தைகளுக்கு முதலில் பிடித்தது தாடியும் தலைப்பாகையுந்தான். திருச்சியை அடுத்த வரகனேரியில் 1881-இல் பிறந்த ஐயர், பாரிஸ்டர் பட்டத்துக்காக லண்டனுக்குப் போனார். போன இடத்தில் சாவர்க்கரின் நட்பும், தேசத்தைப் பற்றிய தீயும் பற்றிக்கொண்டன. வெள்ளைக்காரப் போலீஸ் துரத்த, 1910-இல் சீக்கியர் வேஷத்தில் தப்பிப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அவருடைய பெட்டியில் வி.வி.எஸ். என்று மூன்று ஆங்கில எழுத்துக்கள் இருந்தனவாம். சந்தேகப்பட்ட துப்பறிவோனிடம், “என் பெயர் வீர விக்ரம சிங்” என்று சொல்லிச் சமாளித்தார் என்பது பிரசித்தமான கதை. அடுத்த வீட்டுப் பையன் உடனே, “நாம் போகிற வழியில் விக்கிரமசிங்கபுரம் வருகிறதே, அது இவர் பெயரா?” என்றான். அந்த ஊர்ப் பெயர் அவருக்கு மிகவும் முற்பட்டது என்று எவ்வளவு எடுத்துச் சொல்லியும் அவன் சமாதானம் அடையவில்லை. இன்றைக்கும் அவன் கட்சி அதுதான்.

திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்ததையும், சிறைக்குள் இருந்துகொண்டே கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியதையும் பெரியவர்களுக்காகச் சேர்த்துக்கொண்டோம். பிறகு, கதையின் கசப்பான பகுதிக்கு வந்தோம். ஐயர் 1922-இல் தேசியக் கல்விக்காக ஒரு தமிழ்க் குருகுலத்தை முதலில் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கினார். அப்புறம் அது சேரன்மகாதேவிக்கு வந்தது. தமிழ்நாட்டுக் காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்து உதவியது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்தார்கள். சாப்பாட்டில் மட்டும் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனி இடம். பெற்றோர் விதித்த நிபந்தனைக்கு ஐயர் இசைந்திருந்தார். இது வெளியே தெரிந்ததும் தமிழ்நாடே இரண்டுபட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் ஒரே பந்தி என்று போராடினார்கள். 1925 ஏப்ரலில் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அதே வருஷம் நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

ஐயரிடம் நமக்குள்ள பக்தி சாமானியமானதல்ல. ஆயினும், இவ்விஷயத்தில் நியாயம் எதிர்க்கட்சியில்தான் இருந்தது என்பதே நம் அபிப்பிராயம். பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் இரண்டு இலைகள் தள்ளிப் போடப்பட்டால், மற்ற இலைகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அன்றைக்குக் கற்கும் பாடம் வேறு. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்துகிற யாருக்கும் இது தெரியும்.

காருகுறிச்சி வந்தது. நாகஸ்வரச் சக்கரவர்த்தி அருணாசலத்தின் ஊர் என்று சொல்லி வாய்மூடுமுன், தேகப்பயிற்சி ஆசிரியர் கைப்பேசியில் அவருடைய இசையையே ஒலிக்கவிட்டார். கல்லிடைக்குறிச்சியில் பெண்மணிகளின் பேச்சு அப்பளத்துக்குத் திரும்பியது. அம்பாசமுத்திரத்தில் இறங்கி, வாடகை வேனில் அடைந்துகொண்டு, 1880-களில் ஹார்வி கம்பெனியார் அருவி நீரின் விசையை நம்பி நிறுவிய ஆலையைக் கடந்து பாபநாசம் போய்ச் சேர்ந்தோம். வனத்துறைச் சாவடியில் பைகளைச் சோதித்துப் பிளாஸ்டிக் சாமான்களை எடுத்துக்கொண்டார்கள். புலிகள் காப்பகத்துக்குள் போகிறவர்களுக்கு இது நியாயமான கெடுபிடி. அத்தையின் பித்தளைக் கூஜாவைப் பார்த்துக் காவலர் புன்னகை புரிந்தார்.

அருவி ஸ்நானத்தைப் பற்றி எழுதுவது வீண். குளித்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், குளிக்காதவர்களுக்குச் சொல்லி ஆகாது. உச்சந்தலையில் நீர் விழும்போது உத்தியோகம், கடன், உறவினர் ஆகிய மூன்றும் மறந்துபோகின்றன என்பதோடு நிறுத்துகிறோம்.

அருவிக்குப் பக்கத்திலிருந்து மேலே படிகள் போகின்றன. அத்தை படியேறவில்லை, சாப்பாட்டு மூட்டைகளுக்கும் குரங்குகளுக்கும் நடுவே தடியூன்றி உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் ஏறினோம். மேலே கோடிலிங்கேஸ்வரர் கோயில். அதனருகில் கல்யாண தீர்த்தம். சிவபெருமானின் திருமணக் கோலத்தை அகத்தியர் கண்ட இடம் என்பது ஐதிகம். கீழே அருவி போடுகிற ஆரவாரத்துக்கும் இந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. இரு புறமும் பாறை. நடுவில் கரும்பச்சையாகத் தண்ணீர். அசைகிறதா என்று உற்றுப் பார்க்கவேண்டும். இறங்கிவிடலாம் போலத்தான் தோன்றும். அதுதான் அதன் குணம்.

ஐயர் இங்கேதான் இறந்தார். குருகுலத்தை விட்டு விலகி ஒன்றரை மாதமாகியிருக்கும். 1925 ஜூன் மாதத் தொடக்கம். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, நம்மைப்போலவே, அருவி பார்க்க வந்திருந்தார். மகள் சுபத்திரை தண்ணீரில் தவறி விழுந்தாள். தகப்பனார் குதித்தார். இருவரும் மீளவில்லை. சாம்ராஜ்யத்தின் ஒற்றர்களுக்கெல்லாம் அகப்படாமல் பாதி உலகைச் சுற்றி வந்த மனிதருக்கு வயது 44.

இதை அந்த இடத்தில் நின்று குழந்தைகளுக்குச் சொல்லலாமா கூடாதா என்று படியேறும்போதே நம் இல்லத்தரசியோடு ஒரு சிறு விவாதம் நடந்தது. “சந்தோஷமாக வந்த இடத்தில் சாவைப் பற்றி எதற்கு?” என்பது அவள் கட்சி. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் எச்சரிக்கைப் பலகைகளைக் குழந்தைகள் படிப்பதில்லை என்பதையும், பெரியவர்கள் படித்துவிட்டு இறங்குகிறார்கள் என்பதையும் நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். மலைமேல் எங்கோ மழை பெய்தால் கீழே வெயில் காயும்போதே வெள்ளம் வந்துவிடும். 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீரென்று நீர் பெருகி, விடுமுறைக்கு வந்திருந்த 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துச் சென்றது. பலகை சொல்லாததைச் சிலசமயம் ஒரு கதை சொல்லிவிடும் என்று நம்பிச் சொன்னோம்.

குழந்தைகள் பேசவில்லை. சற்றுமுன் கல் எறிந்துகொண்டிருந்த சின்னவன் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தான். மூத்த பெண் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் விழுந்தாலும் அப்படித்தான் குதிப்பீங்களா, அப்பா?”

பெண் குழந்தையைப் பெற்றவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வியா இது? தொண்டையைச் சரிசெய்துகொண்டோம். நாம் பதில் சொல்லுமுன், விவாதத்தில் தோற்றிருந்த இல்லத்தரசி முந்திக்கொண்டாள்:

“அவங்க மட்டுமில்லை, நானும் குதிப்பேன். ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. அதனாலே நீ விழாம இரு.”

கணக்கு வாத்தியார் மட்டும் மெல்லச் சிரித்தார். பெண் சிரிக்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்துப் பாறையிலிருந்து இரண்டு அடி பின்னால் இழுத்துக்கொண்டாள்; கீழே இறங்கும்வரையில் அந்தக் கையை விடவில்லை. அவன் போட்ட கூச்சல் அருவிச் சத்தத்தையும் மிஞ்சியது.

நிழலில் துண்டுகளை விரித்து இலை போட்டார்கள். நான்கு வீட்டுச் சமையல். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளியோதரை, கூழ்வடகம், மோர்மிளகாய், தயிர்சாதம். அத்தை பரம சைவம் என்பதற்காக எல்லா வீட்டிலும் அன்று சைவமே சமைத்திருந்தார்கள். கணக்கு வாத்தியாருக்கு ஊர் மேலப்பாளையம். அவர் மனைவி ஒரு தூக்குச்சட்டி நிறையத் தேங்காய்ச் சோறு கொண்டுவந்திருந்தார். நாம் சிறுவராக இருந்த நாளில் இதே அருவிக்கு வந்தபோது, அத்தை தன் சட்டியை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு பாறைக்குப் போய், எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டது நன்றாக நினைவிருக்கிறது. உடன் வந்தவர்களில் வேற்றுச் சாதியார் இருந்தார்கள். அவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் சாப்பிடும்போது பேச்சு மட்டும் குறைந்துபோயிற்று. அதனால், தூக்குச்சட்டி இலைவரிசையில் வரத்தொடங்கியதும் நம் கவனம் முழுவதும் அத்தையின் இலையிலேயே இருந்தது.

சட்டி அவளிடம் வந்தது. அந்த அம்மாள் கரண்டியை வைத்துக்கொண்டு தயங்கினார்.

“ஏன்ட்டி நிக்கே? போடு. வாசனை காட்டிட்டுப் போகவா கொண்டாந்தே?” என்றாள் அத்தை.

இரண்டு கரண்டி விழுந்தது. ஒரு வாய் உண்டு, கண்ணை மூடித் திறந்து, “உப்பு ஒரு கல்லு கூடுதல்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மறுபடியும் இலையை நகர்த்தினாள். எப்போது மாறினாள், எதனால் மாறினாள் என்று நாம் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லமாட்டாள். நாற்பது வருஷத்தில் பேரன் பேத்திகளின் சிநேகிதர்கள் எத்தனையோ பேர் அவளுடைய அடுக்களை வழியாகப் போய்வந்திருக்கிறார்கள். இந்தச் சமயம் பார்த்துக் குரங்கு ஒன்று புளியோதரைப் பொட்டலத்தைக் கவர்ந்துகொண்டு மரமேறியது. பந்தியில் தன்னையும் சேர்க்கவேண்டும் என்று அதற்குத் தோன்றியிருக்கலாம்.

மாலையில் பாபநாசநாதர் கோயில் வந்து சேர்ந்தோம். உலகம்மை சந்நிதிக்கு முன்னாலுள்ள உரலில் பெண்கள் மஞ்சள் இடித்தார்கள். நம் அத்தை இடித்த மஞ்சள் எல்லாச் சிறுமியர் முகத்திலும் ஏறியது. படித்துறையில் இறங்கியபோது ஒரு வருத்தம். குளித்த துணியை ஆற்றிலேயே விட்டால் பாவம் போகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வேட்டியும் சேலையுமாக நீருக்கடியில் கிடந்தன. வண்டி வண்டியாகத் தொண்டர்கள் வாரியெடுத்தாலும் மறுபடி சேர்ந்துவிடுகின்றனவாம். பாவத்தை நதி ஏற்றுக்கொள்ளும். நைலான் சேலையை அது என்ன செய்யும்? அந்தக் கரையிலேயே வளர்ந்த கிழவி ஒருத்தி கழியால் ஒரு துணியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தேகப்பயிற்சி ஆசிரியரும் பையன்களும் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். கால்மணியில் ஈரத்துணி ஓர் ஆள் உயரம் குவிந்தது.

அந்தப் படித்துறை மீன்களை யாரும் பிடிப்பதில்லை. பொரி போட்டால் கூட்டமாக மேலே வந்து வாய் திறக்கின்றன. சின்னவன் மூன்று பொட்டலம் பொரியைத் தீர்த்தான். அவன் நான்காவது கேட்டதில் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே அம்பாசமுத்திரம் வந்து, ரயில் புறப்படுகிற தருணத்தில் ஏறினோம்.

அத்தை எண்ணினாள். ஆட்கள் 15 பேரும் சரி. பாத்திரங்களில் ஒன்று குறைந்தது. தேங்காய்ச் சோற்றுத் தூக்குச்சட்டியைக் காணோம். பெஞ்சுக்கு அடியில் தேடினோம். பைகளையெல்லாம் கொட்டிப் பார்த்தோம். கணக்கு வாத்தியாரின் மனைவி, “போனால் போகட்டும்” என்று சொல்லிக்கொண்டே, அத்தையின் மடியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். சேலைத் தலைப்பால் மூடி, மிச்சச் சோற்றுடன், அது அங்கே பத்திரமாக இருந்தது.