கையால் திறந்த வால்வு

ஒரகடம் பக்கத்தில் உள்ள ஒரு கார் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் பொறுப்பாளராக இருந்தபோது, தெரிந்தே தண்ணீரை வீணாக்கினேன். பிறகு அந்த வீணடிப்பைக் காட்டியே பாராட்டும் வாங்கினேன். இரண்டையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

கார் செய்வதில் தண்ணீர் அதிகம் செலவாகும் இடம் பெயின்ட் ஷாப்தான். வெல்டிங் முடிந்து வரும் பாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். காரக் கரைசலில் அதைப் போக்கி, அலசி, பாஸ்பேட் தொட்டியில் முக்கி, மறுபடி அலசி, கடைசியாக, தாதுப்பு நீக்கிய டி.எம். வாட்டரில் கழுவிய பிறகே முதல் பூச்சுக்கு அனுப்புவோம். மூன்று வாளி வைத்துத் துணி அலசுவது போன்ற ஏற்பாடு அது. புதுத் தண்ணீர் கடைசித் தொட்டியில் விழும். அங்கிருந்து வழிவது முந்தைய தொட்டிக்குப் போகும். எவ்வளவு புதுத் தண்ணீர் வேண்டும் என்பதை, மின்கடத்துதிறனை அளக்கும் மீட்டர் முடிவு செய்யும். உப்பு ஏறினால் வால்வு திறக்கும், இறங்கினால் மூடிக்கொள்ளும்.

அந்த வால்வை மேனுவலுக்கு மாற்றி, முழுக்கத் திறந்துவிட்டேன்.

உற்பத்தியைக் கூட்ட கன்வேயர் வேகத்தை ஏற்றியிருந்தோம். தொட்டியிலிருந்து மேலேறும் பாடிக்கு வடிய நேரம் போதவில்லை. கதவின் அடிமடிப்பிலும் கதவுக்குக் கீழுள்ள படிப் பகுதியின் உள்குழியிலும் தங்கிய கரைசல் அப்படியே அடுத்த தொட்டிக்குப் போனது. தண்ணீர் பீய்ச்சும் நாசில்கள் சில அடைத்திருந்தன, சில கோணம் திரும்பியிருந்தன. பூச்சில் திட்டுத்திட்டாகக் கறை விழுந்தது. நாசில்களைக் கழற்றிச் சுத்தம் செய்ய லைனை நிறுத்த வேண்டும். வடியும் நேரத்தைக் கூட்டக் கேட்டால் உற்பத்திப் பிரிவோடு மல்லுக்கு நிற்க வேண்டும். வால்வைத் திறக்க மட்டும் யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. திறந்தேன், கறை போய்விட்டது.

"சார், ஆட்டோல போட்டுடட்டுமா?" என்று ஷிப்டில் இருந்த இளம் ஆபரேட்டர் கேட்டார். "ஆடிட் முடியட்டும்பா" என்றேன். ஆடிட் முடிந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. கேட்டுப் பயனில்லை என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

பாடியில் ஒரு கறை இருந்தால் காலைக் கூட்டத்தில் அதைப் படம் போட்டுக் காட்டுவார்கள். வழிந்தோடிய தண்ணீருக்குப் படம் கிடையாது. நான் பயந்தது படத்துக்குத்தான்.

எனக்கு நானே ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். நம்முடையது ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத ஆலை, எல்லாம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமான இ.டி.பி.க்குப் போய் ஆர்.ஓ.வில் சுத்தமாகித் திரும்பி வந்துவிடும், இதில் வீண் என்ன என்பது அந்தச் சமாதானம். அது பொய் என்பது பொறியாளனான எனக்குத் தெரியாததல்ல. ஆர்.ஓ. ஒதுக்கும் உப்புத் தண்ணீரை நீராவியால் கொதிக்கவைத்து வற்றவைக்க வேண்டும். கூடுதலாக அனுப்பிய ஒவ்வொரு லிட்டருக்கும் பம்ப் ஓடுகிறது, பாய்லர் எரிகிறது. சுத்திகரிக்கப் போடும் ரசாயனம் சகதியாக இறங்குகிறது. உலோகம் கலந்த அந்தச் சகதி அபாயகரக் கழிவு, அதைத் தனியாக மூட்டை கட்டிப் பதிவு செய்து, பாதுகாப்பான குழியில் புதைக்க அனுப்புகிறோம். வால்வைத் திறந்த என் கைதான் அந்த மூட்டைகளையும் கூட்டியது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம், புழல் ஏரிகள் எல்லாமே ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீரோடு முதல் ரயில் சென்னைக்கு வந்தது. சுற்றுவட்டார ஊர்களின் விவசாயக் கிணறுகளிலிருந்து எங்கள் ஆலைக்கு டேங்கர் லாரிகள் வந்து நின்றன. அந்த மாதங்களிலும் என் வால்வு முழுக்கத் திறந்தே இருந்தது. லாரி வாசலில் நிற்பதைத் தினமும் பார்த்தேன். அன்றே நாசிலைச் சரிசெய்து வால்வை ஆட்டோவுக்கு மாற்றியிருக்கலாம். லைன் நின்றால் வரும் கேள்விக்கு அஞ்சிச் செய்யவில்லை. இதற்கு என்னிடம் எந்த நியாயமும் இல்லை.

மறு ஆண்டு பராமரிப்பு நிறுத்தத்தில் நாசில்களை மாற்றினோம். பாடி இன்னும் கொஞ்ச நேரம் சாய்ந்து வடியும்படி கன்வேயரைத் திருத்தினோம். வால்வு ஆட்டோவுக்குத் திரும்பியது. ஒரு காருக்கு ஆகும் தண்ணீர்க் கணக்கு சட்டென்று இறங்கியது. அந்த இறக்கத்தைச் சேமிப்பு என்று எழுதி அனுப்பினேன், கேடயமும் கொடுத்தார்கள். இறக்கத்தின் பெரும்பகுதி நான் ஏற்றி வைத்திருந்தது இறங்கியதுதான். மேடையில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பொய்க் கணக்கு இன்னும் வேலை செய்கிறது. அடுத்தடுத்த ஆண்டுகளின் இலக்குகளை, நான் ஊதிப் பெருக்கிய எண்ணை அடிப்படையாக வைத்தே போட்டார்கள். அதனால் கடினமான வேலைகள் தள்ளிப்போயின. பாஸ்பேட்டுக்குப் பதில் சகதி மிகக் குறைவாக விடும் சிர்கோனியம் பூச்சுக்கு மாறுவது அவற்றில் ஒன்று. பெயின்ட் பூத்தில் தண்ணீர்த் திரைக்குப் பதில் சுண்ணாம்புக்கல் தூளால் பெயின்ட் துகளைப் பிடிப்பது இன்னொன்று. இலக்கு ஏற்கெனவே எட்டப்பட்டதாகக் காகிதம் சொல்லும்போது யார் அதற்குப் பணம் ஒதுக்குவார்கள்?

இப்போது அந்தப் பொறுப்பில் இருப்பவருக்கு இதையெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வால்வு திறந்து கிடந்த ஆண்டின் அடிப்படை எண்ணை நீக்கிவிட்டு, வால்வு ஆட்டோவில் ஓடிய மாதங்களை வைத்துப் புதிதாகக் கணக்கிடச் சொல்லியிருக்கிறேன். எந்தத் தேதியில் மேனுவலுக்குப் போனது, யார் மாற்றச் சொன்னது என்பதெல்லாம் ஷிப்ட் பதிவேட்டில் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது.