கரை வந்த கதை

சமுத்திரத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குச் சமுத்திரத்தைப் பார்க்க மட்டும் நேரம் கிடைப்பதில்லை. கோயமுத்தூரிலிருந்து வரும் விருந்தாளி ரயிலை விட்டு இறங்கும்போதே, "பீச்சுக்கு எப்போது போகலாம்?" என்று கேட்கிறார். திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி சுவாமி கோவிலுக்குச் சமீபத்தில் வசிக்கும் நமக்கோ மெரீனா பதினைந்து நிமிஷ நடைதான். இருந்தும் தீபாவளிக்குப் பிறகு அந்தப் பக்கம் நாம் தலைவைத்துப் படுக்கவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்திலிருந்து அத்தை வந்திருந்தாள். எண்பது வயதைத் தாண்டியவள். காப்பி சாப்பிட்டு முடித்ததும், "கடற்கரைக்குப் போகலாமாடா?" என்றாள்.

"உங்கள் பக்கத்திலும் கடல் இருக்கிறதே, அத்தை!" என்றோம், சோம்பலை மறைத்துக்கொண்டு.

"கடல் இருக்கிறது, கரை இல்லையே!" என்றாள் அத்தை.

இதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? புறப்பட்டோம்.

கடற்கரைச் சாலையை அடைந்ததும் ஐஸ் ஹவுஸ் கண்ணில் பட்டது. 1897-ஆம் வருஷத்தில் சுவாமி விவேகானந்தர் தங்கியிருந்த புண்ணியத்தினால் இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனால் 1842-இல் அதைக் கட்டியது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமித்து வைப்பதற்காக. நம் ஊர் வெயிலில் ஐஸ் கட்டியை வெகு தூரம் சுமந்துகொண்டு போக எந்த வியாபாரிதான் சம்மதிப்பான்? அந்நாளில் அலைகள் அந்தக் கட்டிடத்துக்கு மிகவும் சமீபத்திலேயே இருந்தன.

இன்றோ சாலையைக் கடந்த பிறகுதான் உண்மையான பிரயாணமே ஆரம்பமாகிறது. சில இடங்களில் மணல் 300 மீட்டருக்கு மேல் அகன்று கிடக்கிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டோம். பஜ்ஜிக் கடைகள், பலூன் சுடும் கடைகள், குதிரைகள், சுண்டல் விற்கும் பையன்கள் எல்லாவற்றையும் தாண்டிப் பாதி தூரம் போவதற்குள் நமக்கு மூச்சு வாங்கியது. "இவ்வளவு மணல் எதற்கு? அலை இன்னும் கொஞ்சம் கிட்ட வரக்கூடாதா?" என்று அலுத்துக்கொண்டோம்.

அத்தை அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கல்யாணமாகி வந்தபோது எங்கள் வீட்டுக்கு எதிரிலும் மணல்தான். வலை உலர்த்துவார்கள், குழந்தைகள் விளையாடும். வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. அப்புறம் தென்னைமரம் போயிற்று. அப்புறம் துவைக்கிற கல். ஒரு ஐப்பசி ராத்திரி முன்கட்டுச் சுவரும் போயிற்று. இப்போது பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கல்லின்மேல் எந்தக் குழந்தை விளையாடும்?"

நமக்குத் தெரிந்த சரித்திரத்தை அவளுக்குச் சொன்னோம். முன்பெல்லாம் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நிற்க, மசூலாப் படகுகளில் அலைகளோடு போராடி மனிதர்களையும் மூட்டைகளையும் கரை சேர்த்தார்கள். வெள்ளைக்காரர்களின் ஆட்சியில் 1875-இல் துறைமுக வேலை ஆரம்பமாயிற்று. 1881-இல் அடித்த புயல் அதை உடைத்தெறிந்தும் விடாமல் மறுபடி கட்டினார்கள். இந்தக் கரையோரமாக அலைகள் மணலை இருபுறமும் நகர்த்தினாலும், வருஷக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். துறைமுகச் சுவர் அந்த மணலை வழிமறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரீனா அகன்றது. 1880-களில் கவர்னராயிருந்த கிராண்ட் டஃப் அதன் ஓரத்தில் உலாவும் பாதை அமைத்து, மெரீனா என்று பெயரும் சூட்டினார். வடக்கேயோ, வரவேண்டிய மணல் வராமல் அலை கரையைத் தின்றது.

அத்தை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அப்படியானால் எங்களுக்கு வரவேண்டியதைத்தான் உன் வாசலில் இறக்கியிருக்கிறார்கள் என்று சொல்லு!" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

துறைமுகம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அதனால் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். ஆனால் ஒரு நகரத்தின் சௌகரியத்துக்கு விலை கொடுத்தவர்கள் ஒரு பக்கத்திலும், காற்று வாங்குகிறவர்கள் மறு பக்கத்திலும் இருக்கிறோம். அவ்விருவருக்கும் நடுவே இருப்பது சில மைல் தூரந்தான். இத்தனை வருஷமாக இங்கே உலாவியும் இது நம் நினைவில் தட்டவில்லையே என்று வெட்கமாயிருந்தது.

இருட்டும் வரையில் அலையோரத்தில் நின்றோம். அத்தை கால் நனைத்துக்கொண்டாள். திரும்பும்போது குனிந்து ஒரு பிடி மணலை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எதற்கு அத்தை?" என்றோம்.

"பேரன் மகளுக்கு. மணல் எப்படியிருக்கும் என்று அவள் பார்க்கட்டும்" என்றாள்.

மணலைத் தாண்டிச் சாலைக்குத் திரும்ப வெகு நேரம் பிடித்தது. இம்முறை தூரம் அதிகமென்று நாம் அலுத்துக்கொள்ளவில்லை.