காற்றை மறந்த கணக்கு

எறிபொருளின் பாதை பரவளையம் என்று பள்ளியில் பயின்றோம். ‘காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்’ என்றொரு குறிப்பு கணக்கின் ஓரத்தில் நிற்கும். நாமும் புறக்கணித்தோம், மதிப்பெண்ணும் கிடைத்தது.

திருவெறும்பூர் வட்டாரத்தாராகிய நமக்கு அது ஓரத்தில் கிடக்கத்தக்க செய்தியன்று. 1966-இல் இங்கே துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்தது. தானியங்கித் துப்பாக்கியொன்றின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 700 மீட்டர் வேகத்தில் குழலைவிட்டுப் புறப்படுகிறது எனக் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கமாகிய 9.8-ஆல் வகுத்தால், 45 பாகைச் சாய்வில் அது செல்லும் தொலைவு 50,000 மீட்டர். எறும்பீசர் மலையடியில் சுட்டால் குண்டு தஞ்சையைத் தாண்டி விழவேண்டும்! உண்மையிலோ மூன்று கிலோமீட்டரை எட்டுவதே அரிது.

எஞ்சியதை விழுங்கியது காற்று. எறியப்பட்ட பொருளிடம் ‘மைல்’ என்னும் ஒரு நாட்டம் பதிகிறது, அது தானாக அழிவதில்லை, தடையே அதனைக் கரைக்கிறது என்று இப்னு சீனா (980–1037) உரைத்தார். அத்தடையை அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். போரை வெறுக்கும் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர் பீரங்கிக் கணக்கில் வல்லவரானது விந்தைதான். தொங்கவிட்ட மரக்கட்டையில் குண்டைப் பாயச் செய்து, கட்டை ஆடிய அளவைக்கொண்டு வேகத்தைக் கணித்தார். பரவளையக் கணக்குப்படி 17 மைல் செல்லவேண்டிய குண்டு அரை மைலும் செல்வதில்லை என 1742-இல் எழுதினார். அந்நூலை ஆய்லர் 1745-இல் விரிவுரையுடன் ஜெர்மன் மொழியில் தந்தார்.

அந்த ராபின்ஸ் கும்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட நம் கரைக்கு வந்து, 1751-இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் மாண்டார் என்பதைப் பலர் அறியார். அதே ஆண்டில்தான் சந்தா சாஹிபும் பிரெஞ்சுக்காரரும் திருச்சியை முற்றுகையிட்டனர். நம் எறும்பீசர் மலையும் அப்போர்களில் படைகள் தங்கிய இடமே.

தடையையும் சேர்த்தால் ஒற்றைச் சூத்திரம் போதாது. நொடியை நூறு கூறாக்கி, ஒவ்வொரு கூறிலும் வேகத்தைக் கண்டு, அதன் வர்க்கத்துக்கேற்பத் தடையைக் கழித்து, அடுத்த இடத்தைக் குறித்துச் செல்லவேண்டும். ஒலியின் வேகத்தை நெருங்குமிடத்தில் தடையின் அளவே மாறும். பொறுமையுள்ள மாணவர் ஒரு நோட்டுப் புத்தகத்திலேயே போட்டுவிடலாம். கணிப்பொறிக்கோ இமைப்பொழுது வேலை. கிடைக்கும் கோடு பரவளையமாக இராது. ஏறும்போது சாய்வாகவும் இறங்கும்போது செங்குத்தாகவும் இருக்கும். மிகுதொலைவுக்குரிய சாய்வும் 45 பாகையன்று, முப்பதைச் சற்றே கடந்தது.

இதில் நமக்கென்ன என்பார்க்கு ஒன்று கூறுவோம். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பயிற்சித் தளத்தில் சுட்ட குண்டு ஒரு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த வீட்டுச் சிறுவன் ஒருவன் தலையில் பாய்ந்தது. சில நாள்களில் அவன் இறந்தான். இலக்குப் பலகை இருநூறு, முந்நூறு மீட்டரில் நிற்கலாம். மண்மேட்டுக்கு மேலாகத் தப்பிய குண்டுக்கு அப்பலகை ஒரு பொருட்டன்று. ஊருக்கும் தளத்துக்கும் இடைவெளி விடுவோர், அந்த முப்பது சொச்சம் பாகையில் குண்டு எங்கே விழும் என்றே முதலில் கணக்கிடவேண்டும்.