அரியலூரில் ஒரு முஸ்தபா



விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சி செல்லும் கார்டு லைன் ரயிலில் நீங்கள் பயணம் செய்திருந்தால் அரியலூர் நிலையத்தைக் கடந்தே போயிருப்பீர்கள். இறங்கியிருக்க மாட்டீர்கள். அரியலூர் என்றதும் வயதில் மூத்தவர்கள், 1956 நவம்பர் 23ஆம் நாள் மருதையாற்றுப் பாலத்தில் நேர்ந்த ரயில் விபத்தையும், அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி துறந்த அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரியையும் நினைவுகூர்வார்கள். இளையவர்கள் சிமெண்ட் என்பார்கள். இரண்டும் உண்மையே. நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவதோ வேறு இரண்டு இடங்களுக்கு. ஒன்று, கடைவீதியில் இருந்து, இன்று இல்லாமற்போன ஒரு விளையாட்டுக் கடை. மற்றொன்று, இவ்வூரின் அடியில் இன்றும் கிடக்கும் ஒரு கடல்.

முதலில் கடை. ஆண்டு 1996. எனக்கு வயது 14. முந்திய ஆண்டுதான் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டம் உருவாகியிருந்தது. அரியலூர் தனி மாவட்டமாக நிலைபெற்றது 2007இல்தான். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் எழுப்பும் தூசி, கடைகளின் பெயர்ப்பலகைகளை ஒரே நிறத்தவையாக்கியிருந்த காலம் அது. பள்ளிக்கூடம் விட்டு, அஸருக்குப் பின் ஓதப் போகும் வழியில், பச்சைத் திரை தொங்கிய ஒரு சிறு கடை உண்டு. உள்ளே ஆளுயர மரப்பெட்டிகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாடித் திரை. அதன் கீழே உருண்டைத் தலைகொண்ட கைப்பிடிகளும் தேய்ந்துபோன பொத்தான்களும். கடைக்காரரிடம் ஒரு ரூபாய் கொடுத்தால், அவர் பெட்டியின் அடியில் கைவிட்டு எதையோ அழுத்துவார். திரையில் ஓர் ஆட்டம் பிறக்கும்.

இந்தப் பெட்டிகளின் வரலாற்றை நான் பிற்காலத்தில்தான் படித்தறிந்தேன். 1972இல் அமெரிக்காவின் அடாரி நிறுவனம் வெளியிட்ட 'பாங்' என்னும் பந்தாட்டம், காசு போட்டு ஆடும் இவ்வகை விளையாட்டை ஒரு வணிகமாக்கியது. 1978இல் ஜப்பானியரான டொமொஹிரோ நிஷிகாடோ, வானிலிருந்து வரிசை வரிசையாக இறங்கும் பகைவரைச் சுடும் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை உருவாக்கினார். 1980இல் டோரு இவாட்டானியின் 'பேக்மேன்' வந்தது. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் பிள்ளைகளைக் கட்டிப்போட்ட அந்த மயக்கம், எங்கள் புழுதித் தெருவை வந்தடைய அதிக காலம் ஆகவில்லை என்பதே வியப்பு.

எங்கள் கடையின் முதற்பெட்டியில் இருவர் மோதிக்கொள்ளும் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்'. அங்கே பெரிய பையன்களின் ஆதிக்கம். இரண்டாவது பெட்டிதான் எங்களுடையது. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட அந்த விளையாட்டின் பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. ஆனால் அப்பெயரைச் சொன்ன ஒரு பையனையும் நான் கண்டதில்லை. இந்தியாவின் பல ஊர்களிலும் அதற்கு வழங்கிய பெயர் ஒன்றுதான்: முஸ்தபா கேம்.

காரணம் எளிது. ஆட்டத்தின் தொடக்கத்தில் நான்கு வீரர்களுள் ஒருவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஜாக், ஹன்னா, மெஸ், முஸ்தபா. மஞ்சள் தொப்பி அணிந்த முஸ்தபா கெய்ரோ நால்வரிலும் விரைந்து ஓடுபவன். ஓடிவந்து அவன் விடும் உதையில் மூன்று பேர் ஒருசேரச் சாய்வார்கள். இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் சுற்றி நிற்போர் அனைவரையும் வீழ்த்துவான். அதற்கு விலையாக அவனுடைய உயிர்க்கோடு சற்றுக் குறையும். எட்டுக் கட்டங்கள். ஒரே நேரத்தில் மூவர் ஆடலாம். நாங்கள் மூவருமே முஸ்தபாவைக் கேட்போம். ஒருவனுக்குத்தான் கிடைப்பான். என் தோழர்கள் இருவரும் இந்துப் பிள்ளைகள். அவர்களுக்கும் முஸ்தபாதான் வேண்டும்.

இதிலென்ன சிறப்பு என்று நீங்கள் கேட்கலாம். அந்நாட்களில் திரைப்படத்தில் நம்மவர் பெயர் தாங்கிய ஒருவன் தோன்றினால், அவன் கையில் என்ன இருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதே 1996இல் வெளிவந்த 'காதல் தேசம்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் பாடிய 'முஸ்தபா' பாடல் ஊரெங்கும் ஒலித்தது. தேநீர்க் கடையில் அந்தப் பாட்டு, பெட்டியில் இந்த வீரன். தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்னும் பொருளுடைய அப்பெயரை எல்லாப் பிள்ளைகளும் ஆசையோடு கூவியது என் செவிக்கு இனித்தது. ஒருநாள், "முஸ்தபா செத்துட்டான்டா!" என்று நான் கத்தியது, தெருவில் போய்க்கொண்டிருந்த எங்கள் ஹஜ்ரத்தின் காதில் விழுந்துவிட்டது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருப்பெயர்களுள் ஒன்றல்லவா அது! மறுநாள் மக்தபில் காது திருகப்பட்டது. அதன்பின் எங்கள் ஆட்டத்தில் முஸ்தபா இறந்ததேயில்லை. 'ஊருக்குப் போய்விட்டான்' என்று சொல்லப் பழகிக்கொண்டோம்.

ஒரு ரூபாய் சிறு தொகை. ஆனால் நாள்தோறும் ஒரு ரூபாய் என்றால்?

எங்கள் அத்தா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். மாதந்தோறும் பள்ளிவாசல் சந்தா 10 ரூபாயை என்னிடம்தான் கொடுத்தனுப்புவார். நான் அதைப் பச்சைத் திரைக்குள் கொண்டு போனேன். ஒரு மாதமல்ல, தொடர்ந்து மூன்று மாதங்கள். முப்பது ரூபாய், முப்பது ஆட்டங்கள். ஆறாவது கட்டம் வரை போனேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாத பாக்கி வைத்தோரின் பெயர்களை ஜும்ஆவுக்குப் பின் வாசிப்பது எங்கள் மஹல்லாவின் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை ஐந்தாறு பெயர்களுக்கு நடுவே என் அத்தாவின் பெயரும் வாசிக்கப்பட்டது. அவர் இரண்டாவது ஸஃப்பில் அமர்ந்திருந்தார். நான் கடைசி வரிசையில் தூணுக்கருகில். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து, 'நான் கட்டினேனே' என்று மறுக்கவுமில்லை. மறுத்திருந்தால் அடுத்த கேள்வி என்னை நோக்கி வந்திருக்கும் என்பது இன்று எனக்குப் புரிகிறது. துஆ முடிந்ததும் செயலாளரிடம் சென்று, சட்டைப் பையிலிருந்து எண்ணி முப்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

வீட்டில் அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, "வாடா" என்று மட்டும் சொல்லி முன்னே நடந்தார். நேரே அந்தக் கடை! திரையை விலக்கி உள்ளே வந்து, கடைக்காரரிடம் ஒரு ரூபாய் கொடுத்து, "ஆடு, பார்ப்போம்" என்றார். வியர்த்த கையோடு ஆடினேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு?"

"முஸ்தபா அத்தா."

"நல்ல புள்ளையா?"

"நல்லவன்தான் அத்தா."

"சந்தா ஒழுங்காக் கட்டுவானா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். முதற்கட்டத்திலேயே என் முஸ்தபா ஊருக்குப் போய்விட்டான். திரையில் நின்ற பெரும் விலங்கைக் காட்டி, அது என்னவென்று அத்தா கேட்டார். டைனோசர் என்றேன். பிறகு அவர் என்னை லாரியில் ஏற்றிக்கொண்டு கல்லங்குறிச்சிப் பக்கம் இருந்த சுரங்கத்துக்கு அழைத்துப் போனார். வெட்டிய சுவரிலிருந்து உள்ளங்கை அளவுக் கல் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். அது கல்லன்று, கல்லாகிவிட்ட சிப்பி. தடித்து வளைந்து, வரிவரியாக. அந்தச் சுவர் முழுதும் இத்தகைய சிப்பிகளே அடுக்கடுக்காகத் தெரிந்தன. "கடல் சாமான் இது. இங்க எப்படி வந்துச்சு? நூஹ் நபி காலத்து வெள்ளமா இருக்கும்" என்றார். முப்பது ரூபாயைப் பற்றி அன்றும் பேசவில்லை. பிறகு என்றும் பேசவில்லை.

வாசகர்களே, நாங்கள் கடலைப் பார்க்க வேண்டுமானால் நாகூருக்குத்தான் போக வேண்டும். ஆனால் புவியியல் அறிஞர்களின் கணக்குப்படி, ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூரே கடலடியில் இருந்தது. அக்கடலின் சிப்பிகளும் பிற உயிர்களும் படிந்து இறுகியதே இந்தச் சுண்ணாம்புக்கல். அதுவே அரைபட்டுச் சிமெண்ட் ஆகி, நம் வீடுகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் சுவராகிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். அவசியம் பார்க்க வேண்டிய இடம். காலத்தின் கணக்கில் அத்தா சொன்னதும் அறிஞர்கள் சொல்வதும் ஒன்றல்ல என்பதை அறிவேன். பூமியில் சுற்றிவந்து படைப்பின் தொடக்கத்தைச் சிந்திக்கும்படி திருமறை நம்மை அழைக்கிறது. அத்தா தமக்குத் தெரிந்த வழியில் அதைத்தான் செய்தார் என்பேன்.

அதைவிட வியப்பு கல்லமேட்டில் இருக்கிறது. நாங்கள் பெட்டிக்குள் டைனோசரைத் தேடிக் காசைக் கரைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் மாவட்ட மண்ணிலேயே மெய்யான டைனோசர் எலும்புகள் கிடைத்திருந்தன! கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1987இல் 'புருஹத்காயோசாரஸ்' எனப் பெயரிட்டனர். பெருத்த உடல் என்ற வடசொல்லே அதன் வேர். கால் எலும்பு ஒன்று மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர். பூமியில் நடமாடிய மிகப்பெரிய விலங்குகளுள் ஒன்றாக அது இருக்கலாம் எனச் சிலரும், அது எலும்பே அன்று, கல்மரம் எனச் சிலரும் வாதிட்டனர். வாதத்தைத் தீர்க்க அந்த எலும்புகள் இன்று இல்லை; பொடிந்து உதிர்ந்துவிட்டன. எஞ்சியவை படங்கள் மட்டுமே. 2020இல் குன்னம் பகுதியில் குளம் தூர்வாரியபோது உருண்டைக் கற்கள் கிடைக்க, டைனோசர் முட்டை என்று கைபேசிகளில் செய்தி பறந்தது. பிறகு அவை கடற்படிவுகளே என்று அறிஞர்கள் விளக்கினார்கள். எங்கள் ஊருக்கு இப்படியும் ஒரு பெயர்!

அந்தப் பெட்டி விளையாட்டின் கதையையும் பின்னரே அறிந்தேன். மார்க் ஷுல்ட்ஸ் என்னும் அமெரிக்கரின் சித்திரக் கதையைத் தழுவியது அது. அதில் டைனோசர்கள் பகைவர்கள் அல்ல. அவற்றைக் கொன்று விற்கும் கள்ள வேட்டைக்காரரே பகைவர். முஸ்தபாவும் தோழர்களும் விலங்குகளைக் காக்க வந்தவர்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத நாங்கள் எல்லாவற்றையும் உதைத்துக்கொண்டிருந்தோம்.

கணினி மையங்கள் வந்தபின் அந்தக் கடை மூடப்பட்டது. 2011இல் அத்தா வஃபாத்தானார்கள். அந்த வெள்ளிக்கிழமைக்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு ஹலாலாக்கிக்கொள்ளப் பலமுறை எண்ணினேன். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து முதற்சம்பளத்தைக் கொடுத்த அன்றுகூட, சொல் தொண்டை வரை வந்தது. கேட்கவில்லை.

சென்ற ஆண்டு, எங்கள் மதரஸா மாணவன் ஒருவனை அவனுடைய தந்தை என்னிடம் இழுத்து வந்தார். கைபேசி விளையாட்டில் ஆயுதம் வாங்குவதற்காகத் தாயின் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டான். "நாலு அடி போடுங்க ஹஜ்ரத்" என்றார். எனக்குக் கை எழவில்லை. அடுத்த விடுமுறையில் தந்தையின் அனுமதியோடு அவனை வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். சிப்பிகளையும் நத்தைகளையும் பார்த்தான். பெரிதாக வியந்ததாகச் சொல்ல முடியாது. பேருந்தில் திரும்பும்போதுதான் என் கதையைச் சொன்னேன். அவன் கைபேசியில் தேடி அரை நிமிடத்தில் முஸ்தபாவை எடுத்துத் தந்தான். கைப்பிடியும் பொத்தானும் இல்லாத கண்ணாடியில் என் கட்டைவிரல் வழுக்கியது. முதல் தெருவைக்கூடத் தாண்டவில்லை. அவன் சிரித்தான்.

பிறகு கேட்டான்: "ஒங்க அத்தா ஒங்கள அடிக்கவே இல்லையா ஹஜ்ரத்?"

"இல்லைப்பா."

அவன் கைபேசியைப் பையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அரியலூரில் இறங்கியதும், அந்தக் கடை இருந்த இடத்தைக் காட்டச் சொன்னான். கைபேசி உறைகள் தொங்கும் கடை ஒன்று இப்போது அங்கே இருக்கிறது. இருவரும் எதிரே சற்று நேரம் நின்றோம். அஸருக்கு பாங்கு சொல்லவே, பள்ளிவாசலை நோக்கி நடந்தோம்.