ஒரு 'ரா', ஒரு 'ஈம்'

சாந்தோம்ல உட்கார்ந்துக்கிட்டு பாரசீகம் கத்துக்கறேன்னு சொன்னா, "எதுக்கு சார், ஈரான் போறீங்களா?"ன்னு கேக்கறாங்க. இல்லீங்க, திருவல்லிக்கேணி வரைக்கும்தான்! ஆற்காடு நவாபுகள் காலத்துல அரசாங்க எழுத்தெல்லாம் பாரசீகத்துலதான். 1855-ல நவாப் பட்டம் போச்சு, மொழி அவ்வளவு சீக்கிரம் போகலை. தாசில்தார், ஜமீன்தார்னு இன்னும் நம்ம வாயில இருக்கே. அந்த 'தார்' ஒரு பாரசீக வினையடி, 'வைத்திருப்பவர்'னு அர்த்தம். ஜமீன்னா நிலம்.

பயந்துக்கிட்டுதான் ஆரம்பிச்சேன். ஆனா வாக்கியம் நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி வருது. எழுவாய், செயப்படுபொருள், கடைசியில வினை. அவன், அவள் ரெண்டுக்கும் ஒரே 'ஊ' தான். வினையோட வாலைப் பார்த்தாலே யாருன்னு தெரிஞ்சுடும்: 'ஃபரோக்தம்' விற்றேன், 'ஃபரோக்தீம்' விற்றோம். (இது நம்மூர்ப் பழைய உச்சரிப்பு. ஈரான்காரங்க கொஞ்சம் வேற மாதிரி சொல்வாங்க.)

அப்புறம் 'ரா'. கிட்டத்தட்ட நம்ம இரண்டாம் வேற்றுமை 'ஐ' தான். "வீடு வித்தேன்"னா ஏதோ ஒரு வீடு. "வீட்டை வித்தேன்"னா, கேக்கறவருக்கும் தெரிஞ்ச அந்த வீடு. அவங்களும் அப்படித்தான்: 'கானா ஃபரோக்தம்', 'கானா ரா ஃபரோக்தம்'. ஜிம்கானா க்ளப்ல இருக்கிற அதே கானா!

என்னைப் படுத்தினது 'இ'. நாம 'ஆற்காட்டின் அமீர்'னு சொல்றதை அவங்க திருப்பிப் போட்டு 'அமீர்-இ-ஆற்காட்'ங்கறாங்க. கோஹினூரும் அதேதான்: கோஹ்-இ-நூர், ஒளியின் மலை. இந்த 'இ'யை எழுத்துல பெரும்பாலும் காட்டமாட்டாங்க, நாமளா சேர்த்துப் படிக்கணும். தலைவலி!

இந்த நிலைமையிலதான் திருவல்லிக்கேணி நண்பர் ஒருத்தர் பழுப்பேறின கடிதம் ஒண்ணைக் கொடுத்தார். அவரோட பாட்டனாருக்குப் பாட்டனார், தன் தங்கை புருஷனுக்கு எழுதினது. அவங்க குடும்பத்துல ஒரு கதை உண்டு. அண்ணன்காரர் தம்பிக்குத் தெரியாம பூர்வீக வீட்டை வித்துட்டார்னு. அதனால ரெண்டு வீட்டுக்கும் தலைமுறை தலைமுறையா பேச்சுவார்த்தை இல்லை. கடிதம் எழுதினவர் அந்தத் தம்பி.

வீட்டுல அதைப் படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் இப்ப இல்லை. நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சதுல ஒரு வரி நின்னுது: 'கானா ரா ஃபரோக்தீம்'. வீட்டை விற்றோம். 'ரா' இருக்கு, அதனால அந்த வீடுதான். 'ஈம்' இருக்கு, அதனால சேர்ந்து வித்திருக்காங்க.

நண்பர் சட்டுனு, "பாய், பெரியவங்க தன்னைத்தானே 'நாம்'னு சொல்லிக்கிறது உண்டே?"ன்னார். நியாயமான கேள்வி. பாரசீகத்துலயும் அந்த வழக்கம் உண்டு. கடிதம் முழுக்கத் தேடினோம். வந்தேன், கண்டேன், எழுதினேன்னு மத்த இடமெல்லாம் 'அம்' தான். விற்ற இடத்துல மட்டும் 'ஈம்'.

அந்த 'அம்'முக்கும் 'ஈம்'முக்கும் நடுவுல எழுத்துல ஒரே ஒரு 'யே' தான் வித்தியாசம். நண்பர் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு அந்த எழுத்தையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் போனை எடுத்து, பெரிய வீட்டு நம்பர் யார்கிட்ட இருக்கும்னு தங்கச்சியைக் கேட்டார்.