மணியோசையும் அவதானமும்

சில ஆண்டுகளுக்கு முன், முதலாமாண்டு வகுப்பில் இசுலாமியத் தமிழ் இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தேன். "சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரை அறிவீர்களா?" என்று வினவினேன். கடைசி வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "மணியடிக்கவில்லை, ஐயா" என்றார். வகுப்பே நகைத்தது. 'ரிங் எ பெல்' என்னும் ஆங்கில மரபுத்தொடரை அவர் விளையாட்டாகத் தமிழாக்கியிருந்தார்.

ஒன்று முழுமையாக நினைவுக்கு வராவிடினும், எங்கோ கேட்டதுபோல் தோன்றுவதையே அத்தொடர் குறிக்கும். மணி, மறந்திருப்பவரை விழிக்கச் செய்வது. மயிலாப்பூரில் வாழும் எனக்கு இது அன்றாட அனுபவம். வைகறையில் பாங்கொலி, பின்னர்க் கபாலீசுவரர் கோயில் மணி, சாந்தோம் தேவாலய மணி. ஒலி செவியில் விழுந்ததும் அவரவர் உள்ளம் தத்தம் கடமையை நினைந்துகொள்கிறது. இத்தகைய வழக்கமே அத்தொடருக்கு அடிப்படை எனக் கொள்ளலாம்.

வியப்பு யாதெனில், பாவலர் வல்லவராய் விளங்கிய கலையிலும் ஒரு மணி உண்டு. 1874இல் நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் தோன்றிய அப்பெருமகனார், 1907 மார்ச்சு 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டினார். அவதான அரங்கில் ஒருவர் நினைத்தபோதெல்லாம் மணியை ஒலிப்பார். அவதானி, கேட்ட பொருளில் வெண்பா இயற்றுவார். கணக்கிற்கு விடை கூறுவார். இடைமறிப்பவருக்கும் மறுமொழி தருவார். இறுதியில் மணி எத்தனை முறை ஒலித்தது என்பதையும் பிழையின்றிச் சொல்லவேண்டும்.

அவதானம் என்னும் சொல்லுக்குக் கவனம் என்பதே பொருள். ஊன்றிக் கேட்டது உள்ளத்தில் நிற்கும். கேளாதது எங்ஙனம் நினைவுக்கு வரும்?

அன்று மாணவரைக் கடிந்துகொள்ள என் நா எழவில்லை. என் அத்தா மஃரிபுத் தொழுகை முடித்து வந்து திண்ணையில் அமர்ந்தால், பாவலரின் வெண்பாக்களை மனப்பாடமாய்ச் சொல்லுவார். அவை பிறந்த சூழலையும் விளக்குவார். நான் செய்தித்தாளில் கண்பதித்து 'உம்' கொட்டிக்கொண்டிருப்பேன். எம்.ஃபில். பட்டம் பெற்றவனுக்கு அவையெல்லாம் நூலகத்தில் கிடைக்கும் என்ற இறுமாப்பு! அத்தா மறைந்தபின் நூல்களில் தேடினேன். சில வெண்பாக்கள் கிடைத்தன. அவர் சொன்ன விளக்கங்கள் எங்கும் கிடைக்கவில்லை. அவர் அடித்த மணியை நான் எண்ணவில்லை.

1950இல் மறைந்த பாவலருக்கு இந்திய அரசு 2008இல் அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. அஞ்சல்தலை முகத்தைக் காட்டும். பெயருக்குரிய ஓசையை நாம்தான் எழுப்பவேண்டும்.

மறுநாள் வகுப்பில் பாவலர் வரலாற்றை முழுமையாகச் சொன்னேன். அதே மாணவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லத்திலும் ஒரு முதியவர் மாலைதோறும் மணியடித்துக்கொண்டிருக்கக்கூடும். இன்றே அருகில் அமர்ந்து கேளுங்கள்.