மழுங்கிய அலகு

நாம் இக்கல்லூரியிற் பயின்ற காலம், 1990 ஐ அடுத்து யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருந்த காலம். இரவிற் போத்தல் விளக்கின் ஒளியிற் படித்தோம். பகலில் தச்சு வகுப்பிற் கைவாளும் உளியும் சீவுளியும் கொண்டு வேலை பழகினோம். சீவுளி ஓடாதபோது நாம் பலகையைப் பழிப்போம். ஆசிரியரோ பலகையைப் பாரார். சீவுளியைக் கவிழ்த்து அதன் அலகையே பார்ப்பார். அதன் பொருள் அன்று எமக்கு விளங்கவில்லை. விளங்குதற்குக் கால் நூற்றாண்டும், விரலில் ஒரு காயமும் வேண்டியிருந்தன.

கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, பல ஊர்களிற் கற்பித்தபின், ஊர்காவற்றுறையிற் படகேறி எழுவைதீவை அடைந்தோம். பனைகள் செறிந்த சிறு தீவு அது. காற்றாடியும் சூரியத் தகடும் மின்கலமும் டீசல் இயந்திரமும் ஒன்றுக்கொன்று துணைநின்று அங்கு மின்சாரம் தருகின்றன. ஆதலால் துருவலையிற் குந்தியிருந்து தேங்காய் துருவும் வேலையையும் இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

ஒரு திருவிழா நாளில் அன்னதானச் சமையலுக்கு உதவச் சென்றோம். தேங்காய் துருவும் பணி எமக்கு வாய்த்தது. முப்பது பாதிகள் செல்லுமுன் துருவல் பூவாக உதிராமற் களியாகப் பிசைந்து வந்தது. இயந்திரத்தின் ஒலி தணிந்தது, கை நொந்தது. "முற்றாத தேங்காய்" என்று பழித்து மேலும் அழுத்தினோம். பாதி வழுக்கிற்று; அலகு விரலைக் கிழித்தது.

அங்கிருந்த முதிய அம்மையார் ஆளியை நிறுத்தி, "மாஸ்ரர், தேங்காயை ஏன் பேசுறியள்? அலகைப் பாருங்கோ" என்றார்.

பார்த்தோம். சிரட்டையில் மோதி மோதிப் பற்களின் முனை உருண்டிருந்தது. கழுவித் துடையாது விட்ட இடங்களை உப்புக்காற்றுத் துருவாக்கியிருந்தது. கூரிய அலகு வெட்டும், மழுங்கியது நசுக்கும். நசுக்குவதற்கு வலிமை மிகுதியாக வேண்டும். வலிமை மிகுந்த கையே வழுக்கும்போது ஆழமாகக் காயப்படும்.

மின்தொடுப்பைக் கழற்றி, அலகைக் கழுவி உலர்த்தி, முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லிடையாகத் தீட்டினோம். எல்லா இதழ்களுக்கும் ஒத்த எண்ணிக்கையில் அரத்தை ஓட்டுதல் வேண்டும் என்பதைத் தச்சு வகுப்பே எமக்குக் கற்பித்திருந்தது. ஓரிதழ் உயர்ந்து நின்றால் அதுவே தனித்து வெட்டும், தலை நடுங்கும், அவ்விதழ் விரைவில் தேயும். பின்னர் அதே தேங்காய்கள் மெல்லத் தொட்ட அளவில் வெண்பூவாய் உதிர்ந்தன. தேங்காயிற் குற்றமில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை எமதாயிற்று.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. காயத்தினும் வேறொன்று எம்மை உறுத்தியது. எமது வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளையொருவன் இருந்தான். புணர்ச்சி இலக்கணம் அவனுக்கு ஏறவில்லை. 'மந்தன்' என்று முடிவுகட்டி, அதே விதிகளை அதே சொற்களால் மேலும் உரத்து உரைத்தோம். நூறு முறை எழுதப் பணித்தோம். அவன் பாடசாலைக்கு வருவது குறைந்துகொண்டே போயிற்று. பல்லாண்டாகத் தீட்டாத அலகு எமது கற்பித்தலே என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்தோமில்லை.

மறுநாள் அவன் வீடு சென்று அழைத்து வந்தோம். விதியை ஒதுக்கிவைத்து, "பனையின் காயை என்னவென்று சொல்வாய்?" என்றோம். "பனங்காய்" என்றான். "கடலின் கரையை?" "கடற்கரை." "இடையில் வந்தது எது, மாறியது எது?" சற்றே நின்று, தானே கண்டு சொன்னான். விதி அவன் நாவிலேயே இருந்தது. அதை வெளிக்கொணரத் தெரியாதவர் நாமே.

அவன் பெரும் புலவனாகிவிட்டான் என்று எழுத வந்தோமில்லை. நாள்தோறும் வருகின்றான், அது போதும்.

விழாக்காலத்திற் பழைய மாணவர் கூடிப் பழம்பெருமை பேசுதல் இயல்பு. பலகையைப் பாராது அலகைப் பார்த்த அவ்வாசிரியரை நாம் இவ்வேளை நன்றியுடன் நினைக்கின்றோம். இன்று வகுப்பறையில் நிற்கும் எம்மனோர்க்கு இவ்விழா ஒரு சாணைக்கல்லாகவும் அமைவதாக.